புத்தர் சொன்ன இன்று

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)

 

இந்து இளைஞர் மன்றத்து மேடையிலே ஏறிப் புத்தர் பெருமானைப் பற்றிப் பேசுவதென்றால் அதற்கு ஒரு நியாயம் சொல்லவேண்டும். தில்லையிலே மணிவாசகப் பெருமான் ஈழத்துப் பௌத்தரை வாதில் வென்ற வரலாற்றைப் புராண படனத்திலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அருணந்தி சிவாசாரியரோ சிவஞான சித்தியாரின் பரபக்கத்திலே பௌத்தரின் நாற்பிரிவினரையும் வரிசையாக நிறுத்தி விடையிறுத்துச் சென்றிருக்கின்றார். அந்த வழியில் வந்தோர் முன்னே ஓர் இளைஞன், அதுவும் மிஷன் பாடசாலையின் வாங்கிலிருந்து எழுந்து வந்த ஒருவன், பௌத்தம் பேசத் தொடங்கினால் முன்வரிசைப் பெரியோர்கள் சற்றே நிமிர்ந்து உட்காருவது இயல்பே. அவர்களுக்கு நாவலர் பெருமானையே சாட்சியாக அழைக்கிறேன். மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பிலே துணைநின்றவர் அவர். பிறர் நூலை அப்பிறரிலும் நன்றாகப் படித்தவராதலின் அன்றோ, தம் சமயத்துக்கு அவர் செய்த தொண்டு அத்துணை உறுதியாய் அமைந்தது! அவர் காட்டிய துணிவிலே ஒரு சிறு பங்கை இன்று கடனாகக் கேட்கிறேன்.

மேலும், பௌத்தம் இந்த மண்ணுக்கு நேற்று வந்த விருந்தாளியன்று. சுன்னாகத்துக்கு அண்மையிலே கந்தரோடையிலே பனைகளின் நடுவே சிறு சிறு தூபிகள் கூட்டமாக நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வல்லிபுரத்திலே 1936ஆம் ஆண்டு வெளிப்பட்ட பொன்னேடு ஒரு விகாரை கட்டப்பெற்ற செய்தியைச் சொல்லுகிறது. உறையூரிலே பிறந்த புத்ததத்தர் என்னும் தமிழர் பாளி மொழியிலே நூல்கள் இயற்றிப் பெரும்புகழ் பெற்றவர். இவற்றையெல்லாம் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1940இல் வெளிவந்த 'பௌத்தமும் தமிழும்' என்னும் நூலின் வழியே தமிழருக்கு நினைவூட்டினார்கள். ஆயினும் இந்நாட்டிலே இன்று பௌத்தம் என்ற சொல்லைச் சொன்னவுடனே அரசியல் வந்து நடுவிலே குந்திவிடுகின்றது. புதிதாக ஒரு விகாரைக்கு அத்திவாரம் இடப்படும்போதெல்லாம் நம்மவர் நெஞ்சிலே எழும் கசப்பை நான் அறியாதவனல்லன்; அந்தக் கசப்புக்குக் காரணம் இல்லையென்றும் சொல்லமாட்டேன். காணி எவருடையது என்ற வழக்கு வேறு. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மகான் சொன்ன சிந்தனை வேறு. முன்னதன் பொருட்டுப் பின்னதை இழந்துவிட்டால் நட்டம் நமக்கே.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மஜ்ஜிம நிகாயம் என்னும் பாளித் தொகுப்பிலே 131ஆவதாக வருவது பத்தேகரத்த சுத்தம். சாவத்தி நகரத்து ஜேதவனத்திலே பிக்குகளை அழைத்துப் புத்தர் சொன்னது. அதன் பெயருக்குப் பொருள் யாது என்பதிலேயே பண்டிதர்கள் உடன்படவில்லை. அந்தச் சண்டையை அவர்களிடமே விட்டுவிடுவோம். கருத்து மிகச் சுருக்கமானது. சென்றதன் பின்னே ஓடாதே, வாராததன்மேல் ஏங்காதே, முன்னே நிகழ்வதை அது நிகழும் இடத்திலே தெளிவாகக் காண், செய்யவேண்டியதை இன்றைக்கே முயன்று செய், நாளைக்குச் சாவு வராதென்று உனக்கு யார் சொன்னார் என்பது. இதே அறிவுரை அத்தொகுப்பின் 134ஆம் சுத்தம் வரையிலே மேலும் மூன்று முறை வருகின்றது. அவ்வளவு முக்கியமாகக் கருதியிருக்கிறார்கள்.

இவ்வளவு மட்டுமே என்றால் நாம் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நாளையைக் குறித்துக் கவலைப்படவேண்டாம் என்று மத்தேயு சுவிசேஷத்து மலைப்பிரசங்கத்திலே நாங்கள் பாடசாலையிலே படித்தோம். சும்மா இருத்தலின் சுகத்தை நம் அருளாளர்கள் பாடாத இடமில்லை; நம் காலத்துக்கு மிக அண்மையிலே, 1964 வரையிலே, கொழும்புத்துறைக் கொட்டிலிலே இருந்த யோகர் சுவாமிகள் தம்மிடம் வந்தவர்களுக்கு அதனையே உணர்த்தினார்கள். புத்தருடைய உபதேசத்தின் தனித்தன்மை அவர் அதற்குத் தாமே கொடுத்த விளக்கத்திலே இருக்கின்றது. சென்றதன் பின்னே ஓடுதல் என்றால் என்ன? எனக்கு அக்காலத்திலே இத்தகைய உருவம் இருந்தது, இத்தகைய இன்பதுன்ப உணர்ச்சி இருந்தது என்று எண்ணி, அவ்வெண்ணத்திலே ஒருவன் களித்துத் திளைப்பானாயின், அதுவே பின்னே ஓடுதல். நினைப்பதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நினைப்பிலே படுத்துறங்குவதையே சொல்லுகிறார். வருங்காலத்துக்கும் அதே அளவுகோல். இவற்றினும் கடினமான மூன்றாவது ஒன்று உண்டு. நிகழ்காலத்துக்கும் ஒருவன் அடிமையாகலாம் என்கிறார்! இப்பொழுது எழும் உணர்ச்சியை 'இதுவே நான், இது என்னுடையது' என்று பற்றிக்கொள்பவன், இன்றைக்குள்ளேயே இழுபட்டுப் போகிறான்.

இந்த மூன்றாவதை இளைஞர்களாகிய நாம் குறித்துக்கொள்ளவேண்டும். 'இன்றைக்கு வாழ்' என்பது இக்காலத்திலே விளம்பரக்காரர்களின் மந்திரமாகிவிட்டது. கைத்தொலைபேசியின் கண்ணாடியை விரலாலே தள்ளித் தள்ளி, ஒரு நொடிக்கு ஒரு காட்சியாக இரவு இரண்டு மணி வரையிலே பார்த்துக்கொண்டிருப்பவனும் நிகழ்காலத்திலேதான் இருக்கிறான்; ஆனால் அவன் அங்கே இருப்பவன் அல்லன், இழுபடுபவன்.

அப்படியானால் இருப்பது எப்படி? சம்யுத்த நிகாயத்திலே ஓர் உவமை வருகிறது. நாட்டிலே பேரழகியான ஒருத்தி ஆடிப்பாடுகிறாள், பெருங்கூட்டம் முண்டியடிக்கிறது. விளிம்புவரை எண்ணெய் நிறைந்த ஒரு பாத்திரத்தை ஒருவன் ஏந்தி, அந்தக் கூட்டத்துக்கும் அவளுக்கும் இடையாலே நடந்து செல்லவேண்டும். உருவிய வாளோடு ஒருவன் பின்னே வருகிறான். ஒரு துளி சிந்தினால் தலை போய்விடும். அந்த மனிதன் ஆட்டத்தைத் திரும்பிப் பார்ப்பானா? இதன் உடன்பிறப்பு போன்ற கதை நம்மிடமும் உண்டு. ஜனக மகாராசனுடைய சபையிலே சுகர் பால் நிறைந்த பாத்திரத்தை ஏந்தி, ஒரு துளியும் சிந்தாமல் ஏழுமுறை சுற்றிவந்தார் என்பர். 1897 சனவரியிலே யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியிலே உரையாற்றிய சுவாமி விவேகானந்தர் தமது கருமயோகச் சொற்பொழிவுகளிலே அதனை எடுத்துக் கூறுகின்றார். சுகரின் பின்னே வாளில்லை. புத்தரின் உவமையிலே வாள் இருக்கிறது. எங்கள் மூத்தோருக்கு இந்த இரண்டாவது கதையை விளக்கவேண்டிய தேவை இராது. பதுங்கு குழிக்குள்ளே குழந்தைக்குப் பால்மாக் கரைத்தவர்கள் அவர்கள்.

அநுராதபுரத்து மகாவிகாரையிலே ஐந்தாம் நூற்றாண்டில் விசுத்திமார்க்கம் எழுதிய புத்தகோசர் இன்னொரு உவமை தருகிறார். உருளும் தேர்ச்சக்கரம் எந்நேரமும் நிலத்தை ஒரே ஓர் இடத்திலேதான் தொடுகிறது. உயிர்வாழ்வும் அவ்வாறே என்கிறார். தேருக்கு எங்கே போவது? நம்முடைய சைக்கிளைப் பாருங்கள். காங்கேசன்துறை வீதி எவ்வளவு நீளமாயிருந்தாலும் ரயர் மிதிப்பது ஒரு கையகல இடத்தையே. கடந்துவந்த கற்களும் வரவிருக்கும் பள்ளங்களும் அந்தக் கணத்திலே ரயரைத் தொடுவதில்லை.

நம் ஊரார் எங்கே வாழ்கிறோம் என்று கேட்டால், பெரும்பாலும் நாளையிலே என்றே சொல்லவேண்டியிருக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முடியட்டும், சாதாரணதரம் முடியட்டும், உயர்தரம் முடியட்டும், பல்கலைக்கழகம் முடியட்டும், உத்தியோகம் கிடைக்கட்டும், வீசா வரட்டும் என்று ஒவ்வொரு படியிலும் வாழ்க்கையை அடுத்த படிக்குத் தள்ளிவிடுகிறோம். மேல்மாடி எழும்பும் என்ற நம்பிக்கையிலே கூரைக்கு மேலே கம்பிகளை நீட்டிவிட்டு, அக்கம்பிகள் துருப்பிடிக்கும் வரையிலே கீழ்வீட்டிலே விருந்தாளியைப்போல இருப்பவர் எத்தனை பேர்! இங்கே இருப்பவனுடைய மனம் ரொறன்ரோவிலே. ரொறன்ரோவிலே இருப்பவனுடைய மனம் நல்லூர்த் தேர்முட்டியிலே. இரண்டு வீட்டிலும் விளக்கெரிகிறது, ஆள் இல்லை.

இதைக் கேட்டுப் 'படிக்காதே, திட்டமிடாதே' என்று நான் சொல்வதாக எந்தத் தாயும் அஞ்சவேண்டியதில்லை. அங்குத்தர நிகாயத்திலே புத்தர் ஒரு கமக்காரனைக் காட்டுகிறார். அவன் காலத்தோடு உழவேண்டும், காலத்தோடு விதைக்கவேண்டும், நீரைக் கட்டவேண்டும், திறக்கவேண்டும். அவ்வளவே அவன் கையிலே உள்ளது. 'இன்றைக்கு முளை, நாளைக்குக் கதிர்விடு, மறுநாள் விளைந்து நில்' என்று பயிருக்குக் கட்டளையிடும் வல்லமை அவனுக்கு இல்லை. செம்மண்ணிலே வெங்காயம் வைத்துக் கிணற்றுநீர் இறைத்தவர்களுக்கு இது புத்தர் சொல்லித் தெரியவேண்டியதா? நாற்று நடுவதும் ஒருவகையிலே நாளையைப் பற்றிய காரியந்தான். ஆனால் அதைச் செய்யும் கை இன்றைக்குச் சேற்றிலே இருக்கிறது.

இனி, நான் பேசத் தயங்கிய பகுதி. சென்ற காலம்.

1981ஆம் ஆண்டு நம் நூல்நிலையம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலே போர் முடிந்தபோது எங்கள் வயதினர் பாலர் வகுப்புப் பிள்ளைகள். இவற்றுட் பெரும்பாலானவை நாங்கள் கண்டவையல்ல, கேட்டவை. ஆயினும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு படத்துக்கு மாலை இருக்கிறது. சில வீடுகளிலே மாலை போடுவதா, விடுவதா என்று தெரியாமலே ஒரு படம் இருக்கிறது. இத்தகைய மக்களிடம் வந்து, 'நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடுங்கள், முன்னேறுங்கள், உங்கள் அயலவரின் சமயமே அதைத்தானே சொல்லுகிறது' என்று உபதேசம் செய்வார் உண்டு. அவர்களுக்கு விடை சொல்வதற்காகவே நான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

முதலாவது, சொல்லைப் பாருங்கள். நிகழ்காலத்திலே விழித்திருத்தலுக்குப் பௌத்தம் வைத்திருக்கும் பெயர் 'சதி'. தமிழிலே வஞ்சனை என்று பொருள்படும் சதியன்று. வடமொழி ஸ்மிருதி பாளியிலே சதியாயிற்று. ஸ்மிருதி என்றால் நினைவு! மறதியை அடிப்படையாகக் கொண்ட ஓர் ஒழுக்கத்துக்கு நினைவு என்று எவராவது பெயரிடுவாரா?

இரண்டாவது, கிசாகோதமியின் கதை. இறந்த குழந்தையைத் தோளிலே சுமந்து மருந்து கேட்டு அலைந்தவளிடம், எவரும் இறவாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கிவரச் சொன்னார் புத்தர். வாசல் வாசலாகச் சென்றவள், சாவு புகாத வீடில்லை என்று கண்டு, குழந்தையைச் சுடலையிலே விட்டுவந்தாள். இதனை எடுத்துக் காட்டி, 'அவள் ஏற்றுக்கொண்டதுபோல நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள்' என்பார்கள். பெரியோர்களே, கோதமியின் கையிலே பிள்ளையின் உடல் இருந்தது. இறந்தது என்பதை ஊரே கண்டது. உண்மை அவள் தோளின்மேலே கிடந்தது. அதைப் பார்க்க அவளுக்குக் கண் மட்டுமே வேண்டியிருந்தது, அந்தக் கண்ணைத்தான் புத்தர் கொடுத்தார். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியிலே 2017 பெப்ரவரி 20ஆந் திகதி பிள்ளைகளின் படங்களோடு வந்து அமர்ந்த தாய்மாரின் கையிலே என்ன இருக்கிறது? படம் மட்டுமே. இருக்கிறான் என்று சோறு வைப்பதா, இல்லையென்று பிண்டம் வைப்பதா என்று தெரியாத ஒருத்தியிடம், உள்ளதை உள்ளபடி காண் என்று சொல்லுமுன், உள்ளது எது என்று அவளுக்கு யாரேனும் சொல்லவேண்டாமா? காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் சென்ற காலத்தின் பின்னே ஓடுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கேட்கும் கேள்விக்கு இன்றுவரை விடை வராமையால் அது இன்றைய காரியமாகவே இருக்கிறது.

இங்கே ஒருவரைக் குறிப்பிடவேண்டும். செருமனியிலே 1901ஆம் ஆண்டு யூதக் குடும்பமொன்றிலே பிறந்து, 1936இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்டவர் ஞானபொனிக தேரர். இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது, ஒருபுறம் நாசிகள் அவருடைய இனத்தையே அழித்துக்கொண்டிருக்க, மறுபுறம் ஆங்கில அரசாங்கம் அவரைப் பகைநாட்டார் என்று பிடித்து முதலிலே தியத்தலாவையிலும் பின்பு இந்தியாவிலே தேராதூனிலும் முகாமில் அடைத்தது. முள்ளுக்கம்பிக்குள்ளே இருந்தபடியே அவர் பாளி நூல்களைச் செருமன் மொழியிலே பெயர்த்துக்கொண்டிருந்தார். விடுதலையாகி வந்தபின் 1954இல் கொழும்பிலே அவருடைய நூல் வெளியாயிற்று. சதியைப் பயிலும் முறை பற்றி மேல்நாட்டார் இன்று பேசுவதிலே பெரும்பங்கு அந்நூலிலிருந்து முளைத்தது. கண்டிக் காட்டுக் குடிலிலே வாழ்ந்து 1994இலே மறைந்தார். தமக்கும் தம்மவருக்கும் நேர்ந்ததை மறந்த மனிதர் இப்படி எழுதியிருப்பாரென்று எனக்குத் தோன்றவில்லை. அது அவரை இழுத்துச் செல்லவுமில்லை.

சித்தியார் கற்ற பெரியோர்கள் இவ்விடத்திலே ஒரு தடை எழுப்பலாம். எல்லாம் கணந்தோறும் அழிவன என்றால், நேற்றுக் கண்டதை இன்று நினைப்பவன் யார்? நல்ல கேள்வி. சைவனாகிய எனக்கு நிலைபேறான ஆன்மா ஒன்று உண்டு என்பதிலே ஐயமில்லை. அந்த வாதத்திலே நான் அருணந்தியார் பக்கமே. ஆனால் வைத்தியருடைய தத்துவம் நமக்கு ஒத்துவராவிட்டாலும் அவர் தந்த மருந்தைக் குடித்துப் பார்க்கலாம். மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அறிந்திருப்பதற்கு ஒருவன் மதம் மாறவேண்டியதில்லை.

இறுதியாக, நம் சொந்தக் காப்பியத்துக்கு வருகிறேன். சாத்தனார் பாடிய மணிமேகலையிலே கதாநாயகியை மணிமேகலா தெய்வம் துயிலும்போது எடுத்துச் சென்று மணிபல்லவத் தீவிலே விடுகிறது. அத்தீவு நயினாதீவே என்பார் நம்மவருட் பலர். குறிகட்டுவானிலே படகேறினால் நாகபூஷணி அம்மனும் நாகவிகாரையும் ஒரே கரையிலே தோன்றும் தீவு அது. அங்கே புத்த பீடிகையைத் தொழுதவுடன் மணிமேகலைக்குப் பழம்பிறப்பு முழுவதும் தெரிகிறது. தன்னைத் தொடரும் உதயகுமாரன் முற்பிறப்பிலே தன் கணவன் என்பதும், தன் நெஞ்சு அவன்பாற் சென்றதன் காரணமும் விளங்குகின்றன. கவனியுங்கள்: அவள் பழையதை மறக்கவில்லை, முழுவதையும் அறிகிறாள். அறிந்தபின் அங்கேயே இருந்து அழுதுகொண்டும் இருக்கவில்லை. அதே தீவிலே, கோமுகிப் பொய்கையிலே, அமுதசுரபி அவள் கையிலே வந்து சேர்கிறது. அந்தப் பாத்திரத்துக்கும் ஒரு பழங்கதை உண்டு. ஊட்டுவதற்கு ஒருவருமில்லாத தீவிலே தான் மட்டும் உண்ண மனமின்றி உயிர்விட்ட ஆபுத்திரனுடையது அது. அவள் அதனை எடுத்துக்கொண்டு புகாருக்குத் திரும்பி, அங்கே அவனுடைய துயரத்தைக் கேட்டறிகிறாள்.

பிறகு அவள் செய்ததெல்லாம் அன்றன்றைக்கு முன்னே நின்ற பசிக்குச் சோறிட்டதுதான். ஆதிரை முதற்பிச்சை இட்டாள். யானைத்தீ நோயால் வெந்துகொண்டிருந்த காயசண்டிகை முதலில் உண்டாள். பின்னர்ச் சிறைக்கோட்டத்துக்குள் புகுந்து அங்குள்ளோர்க்கு ஊட்டி, அதை அறக்கோட்டமாக்குமாறு அரசனையே கேட்டுப் பெற்றாள். நம் மன்றத்தார் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நடத்தும் அன்னதானத்திலே பந்திக்கு இலை போடும் வேலை இளைஞர்களுக்கு. அடுத்த வெள்ளி ஆட்கள் குறைவென்று செயலாளர் கவலைப்படுகிறார். பெயர் கொடுக்க விரும்புவோர் இன்றே கொடுத்துவிடலாம்.

தலைவர் அவர்கள் இரண்டாம் முறையும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்கள்.